ஆறு விலகிய துறை

கோட்டைத் தலைவன் ஏனாதி சாத்தன் ஐம்பதைக் கடந்தவன். அவன் குருவாக ஏற்றுக்கொண்ட குரத்தி அவனைவிடப் பத்து வயது இளையவர். ஆற்றுக்கு மேலே ஒரு பாறைக் குகையில் தனித்து வாழ்ந்த சமணப் பெண்துறவி.

மார்கழி விடியல் ஒன்றில் சாத்தன் அவரிடம் வந்தான்.

"தாயே, அரசர் ஒன்று கேட்டிருக்கிறார். முப்பது ஆண்டு கழித்து நம்மீது படையெடுத்து வருபவன் யார்? எந்தத் திசையிலிருந்து வருவான்? பௌர்ணமிக்குள் பதில் சொல்ல வேண்டும்."

"ஒற்றர்கள் என்ன சொல்கிறார்கள்?"

"மூன்று அரசர்களின் பெயரைச் சொல்கிறார்கள்."

"அவர்களுக்கு இப்போது என்ன வயது?"

சாத்தன் யோசித்தான். "மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள்."

குரத்தி சிரித்தார். துறவிகள் ஏந்தும் மயிற்பீலியைக் கையில் எடுத்துக்கொண்டார். "நடந்துவிட்டு வருவோம்."

பனி கீழே இறங்கியிருந்தது. கோட்டை இல்லை, மரங்கள் இல்லை. தங்கள் காலடி ஓசையே யாரோ தொலைவில் நடப்பதுபோல் கேட்டது. வெகுநேரம் நடந்தார்கள்.

"இன்னும் ஆறு வரவில்லையே" என்றான் சாத்தன்.

"நீங்கள் நிற்கும் இடம்தான் ஆறு."

அவன் குனிந்து தொட்டான். ஈர மணல். உடைந்த கிளிஞ்சல்கள்.

"நான் வந்த ஆண்டில் இங்கே கழுத்தளவு தண்ணீர். ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் விலகிப் போகிறது."

"ஆற்றை நம்பித்தானே வடக்கே மதில் எழுப்பாமல் விட்டோம்!" சாத்தனின் குரல் உயர்ந்தது. "அப்படியானால் வடக்கிலிருந்துதான் வருவான்."

குரத்தி தொடர்ந்து நடந்தார்.

பனிக்குள் நான்கு தோணிகள் மிதப்பதுபோல் தெரிந்தன. அருகே போனபோது அவை மணலில் கிடந்தன. தண்ணீர்வரை இழுத்துப் போக, தோணிக்காரர்கள் மூட்டை முடிச்சுகளை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கே பயணம், கூத்தா?" என்று குரத்தி கேட்டார்.

"அக்கரைக்கு, அம்மா. இங்கே தோணி ஓட்டத் தண்ணீர் இல்லை. இந்த மணலில் வெள்ளரி போட்டுப் பிழைக்க இடம் கேட்டோம். கோட்டைக்குப் பக்கத்தில் யாரும் குடியிருக்கக் கூடாதாம். கோட்டைத் தலைவரைப் பார்க்க மூன்று முறை போனோம். வாசலிலேயே விரட்டிவிட்டார்கள்."

பக்கத்தில் நிற்பவன் யாரென்று பனியில் கூத்தனுக்குத் தெரியவில்லை. சாத்தன் தொண்டையைச் செருமினான்.

"அக்கரை அரசர் இடம் தருகிறாரா?"

"தருகிறாராம், ஐயா. ஆற்றில் எங்கே ஆழம், எங்கே குதிரை இறங்கலாம் என்று காட்டச் சொல்கிறார். எங்களிடம் கொடுக்க வேறென்ன இருக்கிறது?"

தோணிக்குள், மூட்டைமேல் ஒரு குழந்தை விரலைச் சப்பியபடி தூங்கிக்கொண்டிருந்தது. சாத்தன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தாயே" என்றான் மெதுவாக. "முப்பது ஆண்டு கழித்து இந்தக் குழந்தைக்கு என்ன வயது இருக்கும்?"

பிறகு தோணிக்காரன் பக்கம் திரும்பினான்.

"கயிற்றை அவிழ், கூத்தா. இந்த மணலில் நீங்கள் இருந்துகொள்ளலாம்."

"அதைச் சொல்ல நீங்கள் யார், ஐயா?"

சாத்தன் தன் பெயரைச் சொன்னான்.

ஒரு பெண் தோணிக்குள் கையை விட்டுக் குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அரசர் சம்மதிப்பாரா?" என்றான் கூத்தன்.

"தெரியாது. நான் போய்க் கேட்கிறேன். சம்மதிக்காவிட்டால் என் பதவிதான் போகும்."

அவன் மணலில் உட்கார்ந்து முதல் முடிச்சைத் தானே அவிழ்த்தான். ஈரத்தில் இறுகிய முடிச்சு. விரல் நோக அவிழ்த்தான். கூத்தன் சற்றுநேரம் பார்த்துவிட்டு, அடுத்த முடிச்சில் கை வைத்தான்.

திரும்பி வரும்போது பனி கரைந்துகொண்டிருந்தது. தொலைவில் கோட்டை சின்னதாகத் தெரிந்தது.

"வடக்கே மதிலும் எழுப்புவேன், தாயே. இவர்களும் இருப்பார்கள். இனி முப்பது ஆண்டுக்குப் பயமில்லையே?"

எறும்புச் சாரி ஒன்று வழியை மறித்துப் போய்க்கொண்டிருந்தது. அது கடக்கும்வரை குரத்தி நின்றார்.

"இன்று காலைக்குப் பயமில்லை" என்றார்.