காசுல ஏறாத மூக்கு

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, கடல் தாண்டி, ஸ்காட்லாந்துன்னு ஒரு குளிரு தேசத்துல ஒரு ராஜா இருந்தாராம். அவருக்கு எல்லாம் அளவா இருந்துச்சு, மூக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். சிரிக்காதீங்க, கேளுங்க.

தங்கக்காசுல தன் மொகம் வேணும்னு அவருக்கு ஆசை. அப்பல்லாம் மெஷின் ஏது? கீழ ஒரு அச்சு, மேல ஒரு அச்சு, நடுவுல வட்டமான தங்கத் தகட்ட வச்சு சுத்தியலால ஓங்கி அடிச்சா ரெண்டு பக்கமும் படம் விழுந்துடும். அச்சு வெட்டுறவ பேரு மரியன். அவ ராஜாவ உள்ளபடியே வெட்டிட்டா.

மந்திரி கில்பர்ட் பாத்துட்டு, "மூக்கக் கொறம்மா"ன்னான்.

"இருக்கறதத்தானே வெட்டுனேன் ஐயா."

"ஜெயிலுக்குப் போறியா?"

பாவம், கொறச்சா. அப்புறம் கன்னத்தக் கொறன்னான், கொறச்சா. அப்புறம் வயசக் கொறன்னான், அதையும் கொறச்சா. ராஜாவுக்கு ஒரே பூரிப்பு. கில்பர்ட் உடனே தண்டோரா போட்டான்: "காசுல இருக்கறதுதான் ராஜா மொகம். இல்லேங்கறவனுக்கு ஜெயில்."

அப்புறம் ஒரு நாள் ராஜா வேட்டைக்குப் போனாரு, குதிரை கீழ தள்ளிட்டு ஓடிருச்சு, மழையில நனைஞ்சு, சேறும் சகதியுமா நடந்தே கோட்டைக்கு வந்தாரு. வாசல்ல புதுக் காவக்காரன்.

"நான்தாம்ப்பா ராஜா, கதவத் தொற."

அவன் காசப் பாத்தான், அவரப் பாத்தான், மறுபடி காசப் பாத்தான். "மன்னிக்கணும் பெரியவரே, மூக்கு இடிக்குதே"ன்னு சொல்லி, ஜெயில்ல ஆடு திருடுன ஒருத்தன் பக்கத்துல உக்கார வச்சுட்டான். ராஜா குளிர்ல வெடவெடன்னு நடுங்குனாரு.

சேதி கேட்டு கில்பர்ட் ஓடி வந்தான். "அடப்பாவி, இவருதாண்டா ராஜா."

"அப்ப காசுல இருக்கறது யாருங்க ஐயா?"

கில்பர்ட்டுக்கு வேர்த்துருச்சு. ராஜா வேற மொறச்சுப் பாக்குறாரு. மெதுவா, "அது... இவரு மொகம் இல்ல"ன்னான்.

"அப்ப உங்க உத்தரவுப்படி, உள்ள வாங்க ஐயா."

ராஜா எந்திரிச்சு வெளிய வந்தாரு. "சட்டம்னா சட்டந்தாம்ப்பா, கூட்டிட்டுப் போ"ன்னாரு.

மறுநாள் மரியனக் கூப்பிட்டு, "இனி என்னம்மா போடுறது?"ன்னு கேட்டாரு.

"யாருமே பாக்காத ஒண்ணப் போடுவோம் மகாராஜா. ஒப்பிட்டுப் பாக்க முடியாதுல்ல."

அப்படித்தான் நெத்தியில ஒத்தக்கொம்பு வச்ச குதிரைய வெட்டுனா. கழுத்தச் சுத்தி மாலையாட்டம் ஒரு கிரீடம், முன்னாடி கேடயம், பின்பக்கம் சூரியனாட்டம் ஒரு நட்சத்திரம். அத்தனை காசுக்கும் சுத்தியல் புடிச்சு அடிக்கிற வேலை, தண்டனையா, கில்பர்ட்டுக்கு. கையெல்லாம் கொப்புளம்.

முகத்துதி பாடுனா அப்படித்தான், கண்ணுங்களா. அவங்க அந்தக் குளிர்ல நல்லா இருக்கட்டும், நாம போர்வைக்குள்ள போவோம்.