பிணமில்லாமல் ஊதிய சங்கு

ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வரும் அந்தச் சங்கின் சத்தம் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. நெடுக ஓலமாகக் கிளம்பி, தண்ணீர்மேல் இழைந்து இழைந்து வந்து, கடைசியில் ஒரு விக்கலில் முடியும். சங்கின் வாயில் விரிசல். அந்த விக்கலைக் கேட்டால், "ஈச்சங்கரையில் யாரோ போய்ச் சேர்ந்தாச்சு" என்று இக்கரையில் நாங்கள் சொல்வோம். ஒரே ஒரு நாள் மட்டும் அது பொய்த்துப்போனது. பர்மா அரிசி வராமல் நின்று, மண்ணெண்ணெய்க்கு ஊரே வரிசை கட்டிய யுத்த காலம் அது.

ஈச்சங்கரைக்காரர்கள் நல்லவர்கள். சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும் செய்வார்கள். தொல்லையே அதுதான்.

ஒருநாள் காக்கிச் சட்டை அதிகாரி ஒருவர் பரிசலில் வந்து இறங்கினார். எதிரி விமானம் வரலாம், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றார்.

"சண்டை எதனாலே சாமி வந்துச்சு?" என்று கேட்டார் நாட்டாண்மை கருத்திருமன்.

அதிகாரி பொறுமைசாலி. "தூர தேசத்தில் ஒருத்தன் பக்கத்து தேசத்துக்குள் புகுந்துவிட்டான். அந்த தேசத்துக்கு வேண்டியவர்கள் இவனோடு சண்டைக்குப் போனார்கள். இவனுக்கு வேண்டியவர்கள் அவர்களோடு சண்டைக்கு வந்தார்கள். நம்மை ஆளும் ராஜாவும் அதில் ஒருவர்."

"வரப்புத் தகராறு," என்றார் நாட்டாண்மை, கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து. "சம்பந்திமாரெல்லாம் கம்பெடுத்துக்கிட்டு வந்துட்டாங்க."

"ஆரம்பத்திலேயே அளந்து கல்லு நட்டிருக்கலாம்," என்றான் ஊரிலேயே நெட்டையனான மச்சக்காளை.

"இதிலே நம்ம சம்பந்தி யாரு சாமி?"

"நமக்குச் சம்பந்தி யாரும் இல்லை."

"அப்போ நம்ம பையனுங்க எதுக்குப் போறாங்க?"

அதிகாரி குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

குடித்துவிட்டு உத்தரவுகளைச் சொன்னார். வானத்திலிருந்து பார்த்தால் ஊரில் வெளிச்சம் தெரியக் கூடாது. ஊர் எல்லையில் ஆளுயரத்துக்குப் பதுங்கு குழி வெட்ட வேண்டும். விமானச் சத்தம் கேட்டால், ஊரில் எது பெருஞ்சத்தம் போடுமோ அதை ஊதி எல்லோரையும் கூட்ட வேண்டும்.

விளக்குகளை அணைத்தார்கள். ஆனால் குளத்தில் நிலா கிடந்தது. குளத்தின்மேல் கீற்று வேய்ந்தார்கள். நிலா கிணற்றுக்குப் போனது. கிணற்றை மூடினார்கள். அங்கிருந்து நாட்டாண்மையின் வழுக்கைக்கு வந்தது. அதன்மேல் ஒரு கரிச்சட்டியைக் கவிழ்த்தார்கள். நாட்டாண்மைக்கு அது பிடித்துப்போய், பகலிலும் கவிழ்த்துக்கொண்டே திரிந்தார்.

ஆளுயரக் குழி என்றால் எந்த ஆள் என்று பஞ்சாயத்து கூடியது. நெட்டையன் மச்சக்காளையை எல்லையில் நிற்க வைத்துச் சுற்றிலும், காலடியிலும் தோண்டினார்கள். உயரம் கச்சிதம். அவனால்தான் ஏற முடியவில்லை. கயிற்றில் கட்டிச் சோறு இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பூவாயி என்ற பெண் ஏணி கொண்டுவந்து வைத்தாள்.

"ஏணி வைக்கச் சொல்லி உத்தரவு இல்லையே தாயி," என்று நாட்டாண்மை தயங்கினார்.

"வைக்கக் கூடாதுன்னும் இல்லையே பெரியப்பா."

ஊரில் பெருஞ்சத்தம் போடுவது, சாவுக்கு ஊதும் சடையாண்டியின் சங்கு. அது ஒன்றுதான்.

இந்தப் பூவாயிக்குத்தான் அடுத்த மாதம் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை அதே ஊர்க் குழந்தைவேலு. பட்டாளத்தில் சேர்ந்து, கல்யாணத்துக்கு மட்டும் லீவு வாங்கி வந்திருந்தான். காலையில் தாலி, மத்தியானம் சாப்பாடு, சாயங்கால ரயிலில் திரும்பவும் பட்டாளம். ரயிலை விட்டால் பிடித்துக் கட்டிக்கொண்டு போவார்கள். ரயில் நேரத்துக்குள் கல்யாணம் முடியாவிட்டால், இனி எப்போது என்று அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

கல்யாணத்தன்று காலை, அடுப்பு மூட்டப் போகிற நேரத்தில் வானத்தில் ஒரு விமானம் உறுமிக்கொண்டு போனது. நம் பக்கத்து விமானம்தான். சடையாண்டிக்கு ஏது அந்த வித்தியாசம்? சங்கை எடுத்து, விக்கல் வரும்வரை ஊதினான்.

ஊரே தலைவிரி கோலமாக ஓடி வந்தது. பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். நன்றாக அழுது முடித்துவிட்டு, யார் செத்தது என்று கேட்டார்கள்.

"எனக்கென்ன தெரியும்?" என்றான் சடையாண்டி. "ஊதுறதுதான் என் வேலை. சாகுறது உங்க வேலை."

எல்லோரும் ஒருவரையொருவர் எண்ணிப் பார்த்தார்கள். ஒருவரும் குறையவில்லை. அங்கேதான் சிக்கல். சங்கு ஊதிவிட்டால், பிணம் எல்லையைத் தாண்டும்வரை ஊரில் அடுப்பு எரியக் கூடாது, தாலி ஏறக் கூடாது. தலைமுறை தலைமுறையாக வந்த கட்டுப்பாடு. பிணமே இல்லாவிட்டால் எது தாண்டுவது?

"ஊதினதைத் திருப்பி உறிஞ்சிடேன்டா," என்றார் நாட்டாண்மை, சட்டிக்குள்ளிருந்து.

சடையாண்டி உறிஞ்சிப் பார்த்தான். ஒரு பூச்சிதான் வாய்க்குள் போனது.

ஊரில் மூத்தவர் மொட்டையக் கிழவரைப் பார்த்தார்கள்.

"நான் பாடைக்கு வரமாட்டேன்னு சொல்லலை," என்றார் கிழவர். "ஆனா கல்யாணத்திலே வடைன்னு சொன்னாங்க. தின்னுட்டு வர்றேன்."

"நீங்க வந்தாத்தானே தாத்தா அடுப்பே எரியும்!"

"அடுப்பு எரிஞ்சாத்தானே வடை வரும்!"

இது நியாயமென்று பட்டது. வெயில் ஏறிக்கொண்டே போனது. அரைத்த மாவு புளித்துப் பொங்கியது. பூவாயி மாலையும் கழுத்துமாக எழுந்து வந்து, குழந்தைவேலுவைக் காட்டினாள்.

"பெரியப்பா, இவரு எங்கே போறாரு?"

"சண்டைக்குப் போறான்."

"சண்டைக்குப் போனவங்க என்ன ஆவாங்க?"

"செத்துப்போவாங்க."

"அங்கே செத்தா சங்கு ஊதுவாங்களா? தூக்க நாலு பேர் வருவாங்களா?"

"கண் காணாத காடு தாயி. யார் வருவா?"

"அப்போ அதை இங்கேயே முடிச்சுட்டுப் போகட்டுமே. சங்கும் ஊதியாச்சு, ஆளும் கூடியாச்சு. எனக்கும் பசிக்குது."

இது நமக்குத் தோன்றவில்லையே என்று ஊர் வெட்கப்பட்டது.

"எனக்குச் சாகத் தெரியாதே," என்றான் குழந்தைவேலு. "பட்டாளத்திலே இன்னும் இடது வலதுதான் சொல்லிக் கொடுத்திருக்காங்க."

"நீ படுத்தா போதும் மாப்ளே. மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்."

கல்யாண மாலையோடு பாடையில் கிடத்தித் தூக்கினார்கள். வழியில் அவன் தும்மினான்.

"பொணம் தும்மலாமாடா?" என்று அதட்டினான் முன்னால் தூக்கிய மச்சக்காளை.

"பூ மூக்கிலே ஏறுது."

"செத்தவன் பதில் பேசுறதைப் பாரு! திமிரு!"

எல்லையில் புதிதாக வேறு குழி எதற்கு? பதுங்கு குழியில் இறக்கி, ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார்கள். ஊரில் அடுப்புகள் புகைந்தன. சற்று நேரத்தில் ஏணி வழியாக ஒருவன், மண்ணைத் தட்டிக்கொண்டு எல்லை தாண்டி வந்தான்.

"யாரது?"

"மாப்பிள்ளை."

"வாங்க மாப்பிள்ளை, வாங்க!" என்று ஆரத்தி எடுத்து அழைத்துப் போனார்கள். தாலி கட்டியாயிற்று. கிழவருக்கு வடை கிடைத்தது.

சாயங்காலம் குழந்தைவேலு தகரப்பெட்டியைத் தூக்கினான்.

"எங்கே கிளம்பிட்டீங்க?" என்றாள் பூவாயி.

"பட்டாளத்துக்கு."

"பட்டாளத்துக்காரரைப் புதைச்சாச்சே. நீங்க யாரு போறதுக்கு?"

குழந்தைவேலு யோசித்தான். அவனும் ஈச்சங்கரைக்காரன்தானே. பெட்டியை இறக்கி வைத்தான்.

சில நாளில் அந்தக் காக்கி அதிகாரியே தேடி வந்தார்.

"குழந்தைவேலு எங்கே?"

"செத்துட்டான் சாமி," என்றது ஊர், ஒரே குரலில், கண்ணில் உண்மையான நீரோடு.

"அப்படியானால் பந்தலில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறானே, அவன் யார்?"

"எங்க மாப்பிள்ளை."

"பெயர்?"

"குழந்தைவேலு."

"அதே ஆள்தானே!"

"அவன் போயிட்டான் சாமி. சங்கு ஊதினோமே."

"உயிரோடு இருக்கிறவனுக்குச் சங்கு ஊத எவன் உத்தரவு போட்டான்?"

நாட்டாண்மை மரியாதையாகச் சட்டியைக் கழற்றினார். "நீங்கதானே சாமி."

அதிகாரி அவர் முகத்தையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெயில் தாங்காமல் தொப்பியைக் கழற்றினார். துக்கம் விசாரிக்கிறார் என்று ஊர் மறுபடி அழுதது. இறந்துவிட்டதாகவே மேலே சொல்லிவிட்டு, அவர் வேறு ஜில்லாவுக்கு மாற்றல் கேட்டுப் போனார்.

அந்த யுத்தத்துக்கு எங்கள் கரையிலிருந்தும் நிறையப் பையன்கள் போனார்கள். நாங்கள் புத்திசாலிகள். யாரையும் பாடையில் ஏற்றவில்லை. அவர்களில் அநேகம் பேருக்குக் கடைசிவரை சங்கு ஊதவே இல்லை.

குழந்தைவேலு கொள்ளுப்பேரனை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, ஒரு மாசிமாதக் காலையில் கண்ணை மூடினார். சடையாண்டியின் மகன் சங்கைத் தொட மறுத்துவிட்டான். "ஆளுக்கு ஒரு தடவைதான். இவருக்கு எங்கப்பா ஊதியாச்சு." அதனால் ஊரில் எல்லா அடுப்பும் எரிந்தது. பூவாயி வடை சுட்டாள். அவரை எல்லைக்குத் தூக்கிப் போய், அந்தப் பழைய குழியிலேயே இறக்கி, மறக்காமல் ஏணியையும் வைத்துவிட்டு, ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள்.

பொழுது சாய்ந்தது. கற்பூரம் கரைந்தது. "மாப்பிள்ளைக்கு இந்தத் தடவை அலுப்பு ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டு, வடை ஆறுவதற்குள் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

ஏணி இன்னும் அங்கேதான் இருக்கிறது. குழந்தைவேலு இதுவரை ஏறி வரவில்லை.