பல்லக்குக்காக வெட்டப்பட்ட பொன்னிழைச் செடி

மலைகளுக்கு இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலத்தில், பனி கொட்டும் ஒரு மலைநாட்டைக் கடுங்கோ என்றொரு அரசன் ஆண்டான். அவன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவள் வேம்பி.

கேளுங்கள், அந்த அரசனுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. கார்த்திகை விழாவில் அவன் பல்லக்கு தோட்டத்தைச் சுற்றி வரும். எந்தச் செடியும் பல்லக்கைவிட உயர்ந்து நிற்கக் கூடாதாம்! விழாவுக்கு முந்தின நாளே வீரர்கள் வந்து எல்லாவற்றையும் மட்டமாக வெட்டித் தள்ளுவார்கள். வருவது அரசன் என்று செடிக்கு என்ன தெரியும்?

ஒருமுறை வடக்கு மலையிலிருந்து பொன்னிழைச் செடி ஒன்று வந்தது. தை மாதக் குளிரில், இலையெல்லாம் உதிர்ந்த பிறகு, மஞ்சள் நூலைப் பிரித்துப் போட்டாற்போலப் பூக்கும் செடி அது. வேம்பி அதற்கு எருவிட்டாள், வேரில் சருகு போர்த்தினாள், கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டாள்.

முதல் வருடம் அது பூக்கவில்லை. “மண்ணைக் கெடுத்துவிட்டாள்” என்றான் அரசன்.

இரண்டாம் வருடமும் பூக்கவில்லை. “தண்ணீர் ஊற்றத் தெரியாதவள்” என்றான்.

மூன்றாம் வருடமும் பூக்கவில்லை. “இவள் கையே விளங்காத கை! செடியைப் பிடுங்கி எறியுங்கள். இவளை நாட்டைவிட்டுத் துரத்துங்கள்” என்றான்.

அரசனுக்கு என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! “மொட்டு கோடையிலயே வந்துடுச்சுங்க, தை வரைக்கும் வெட்டாதீங்க” என்று மூன்று வருடமும் அவள் கெஞ்சியிருந்தாள். யார் காதில் வாங்கினார்கள்?

ஆனால் இந்த முறை, கார்த்திகையில் வீரர்கள் வெட்டிப் போட்ட பொன்னிழைக் கிளைகளை அவள் குப்பையிலிருந்து பொறுக்கி, தண்ணீர்ப் பானையில் நிறுத்தி, அடுப்படிச் சூட்டில் வைத்திருந்தாள். அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு நேரே சபைக்குள் நுழைந்தாள். கிளையெல்லாம் மஞ்சள் பூ. சபை முழுதும் மணத்தது.

“மகாராஜா, நீங்க மூணு வருஷமாத் தேடுன பூ இதுதானுங்க. குப்பையில கெடந்துச்சு.”

அரசன் முகம் கறுத்தது. “கிளையை வெட்டிய வீரர்களைக் கட்டி இழுத்து வாருங்கள்!” என்று கத்தினான்.

வேம்பி பானையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள். தனக்கு நடந்த அநியாயம் போதாதென்று இன்னும் நாலு பேருக்கா?

“வெட்டுனது அவங்க கைதானுங்க. வெட்டச் சொன்ன வாய் யாருது? அதைச் சொல்லிட்டு அப்புறம் என்னைத் துரத்துங்க!”

அரசன் மந்திரிகளைப் பார்த்தான். மந்திரிகள் தரையைப் பார்த்தார்கள். பூவோ எல்லோர் கண்ணெதிரேயும் மலர்ந்து நின்றது. மறுக்க வழியே இல்லை.

“என் வாய்தான்” என்று முணுமுணுத்தான்.

“கடைசியில நிக்கிறவங்களுக்குக் கேக்கலைங்க” என்றாள் வேம்பி.

அரசன் எழுந்து நின்று, உரக்க, இன்னொரு முறை சொன்னான். செடியும் பிழைத்தது, வேம்பியும் பிழைத்தாள், வீரர்களும் பிழைத்தார்கள்.

தன் தவறுக்குப் பிறரைத் தண்டிக்கத் துணிந்தவன், அந்தத் தவறை எல்லோர் காதிலும் விழும்படி தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.