வலப்பக்கம் திரும்பிய கிளி

சிவகாசியில் லித்தோக் கல்லில் படம் வரைந்து, அதிலிருந்தே காலண்டர் அச்சடித்த காலம். ஓவியர் சவரிமுத்து பன்னிரண்டு நாள் குனிந்து கல்லில் வரைந்த கிளியைப் பார்க்க, ஆர்டர் கொடுத்த ஜவுளிக்கடை முதலாளி வைரப்பெருமாள் அச்சகத்துக்கு வந்தார். பார்த்ததும் குதித்தார்.

"காலண்டர் தொழில் எனக்கு அத்துப்படி! கிளி வலப்பக்கம் பாக்கணும்னு சொன்னேன், இது இடப்பக்கம் பாக்குது. தேய்ச்சு அழிங்க!"

சவரிமுத்து கல்லுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். கல் தேய்க்கிற குருவம்மாதான் வாயைத் திறந்தாள்.

"அழிக்காமலே திருப்பிடறேன் ஐயா. நீங்க காப்பியைக் குடிச்சு முடிங்க."

"திருப்பிட்டா உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்!"

அவள் கல்லில் மை உருட்டி, தாளை வைத்து அழுத்தி, மெல்ல உரித்தாள். தாளில் கிளி வலப்பக்கம் பார்த்தது.

"எப்படித் திருப்பினே?"

"கல்லுல எல்லாமே இடவலம் மாறித்தான் இருக்கும் ஐயா. அங்க உங்க பேரையும் பாருங்க."

கண்ணாடியில் தெரிவதுபோல அவர் பெயர் திரும்பிக் கிடந்தது. சொன்னபடி கும்பிட்டார்.

"அருமையான கிளியைக் கொல்லப் பாத்தேனே! நீ காப்பாத்திட்டேம்மா."

முதல் தாள் ஆர்டர் கொடுத்தவருக்கு என்பது அச்சக வழக்கம். அதை அவர் இரண்டு கையாலும் குருவம்மாவிடமே நீட்டினார். சவரிமுத்துவுக்குக் கண் கலங்கியது.

அவள் வாங்கவில்லை.

"உங்க பேரு நேரா இருக்கான்னு ஒரு தரம் பாத்துட்டுக் குடுங்க ஐயா."