நிற்காமல் போன கேள்வி

"பதிலுக்கு நிக்காதவ எதுக்குங்க டீச்சர் கேள்வி கேக்கறா?"

வகுப்புக்குள் கால் வைத்ததுமே துளசிமணி கேட்டாள்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்து வரும் பனியன்களைச் சரிபார்க்கிற வேலை. இருபது வருஷம். ஒரே ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அவள் விரல் அங்கே நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலம் சொல்லித்தரும் ரெஜினா அவளைவிட இருபது வயது சின்னவள்.

"யாரு கேட்டதுக்கா?"

"சரக்குப் பார்க்க வந்த வெள்ளைக்காரம்மா. 'ஹவ் ஆர் யூ'ன்னாங்க. மெனக்கெட்டுக் கேக்கறாங்களேன்னு முட்டிவலியில இருந்து ஆரம்பிச்சேனுங்க. நிமிர்ந்து பார்த்தா மூணு மேசை தள்ளிப் போயிட்டாங்க."

"அப்புறம்?"

"அன்னிக்குப் பூரா 'முட்டி எப்படி இருக்குது'ன்னு எல்லாரும் ஒரே சிரிப்பு. அடுத்த தடவை அந்தம்மா வந்தா ஸ்டோர் ரூம்ல இருந்துக்கங்கன்னு மேனேஜர் சொல்லிட்டாருங்க."

அவள் குரல் தடித்தது.

"அந்தம்மா எடுத்துப் பார்க்கிற ஒவ்வொரு பனியனும் என் கை பட்டதுங்க. நான் ஒளியணுமா?"

ரெஜினா எழுந்து வாசலுக்குப் போனாள். துளசிமணியும் பின்னாலேயே போனாள்.

தெருவில் பக்கத்துச் சந்துப் பாப்பாத்தி வந்துகொண்டிருந்தாள். கையில் கனத்த காய்ப் பை.

"ஏனுங்க்கா, சந்தைக்குப் போயிட்டு வரீங்ளா?" என்றாள் துளசிமணி.

"ஆமாங்க."

பாப்பாத்தி நிற்காமல் போய்விட்டாள்.

"என்ன காய் வாங்கினாங்களாம்?" என்றாள் ரெஜினா.

"அது எனக்கெதுக்குங்க?"

"பின்னே ஏன்க்கா கேட்டீங்க?"

துளசிமணி தலையைத் திருப்பி, பாப்பாத்தி போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரெஜினா உள்ளே போய்க் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அடுத்த மாதம் வெள்ளைக்காரம்மா வந்தாள்.

"அக்கா, ஸ்டோர் ரூமுக்குப் போயிருங்க. மேனேஜர் வர்றாரு" என்று பக்கத்து மேசைக்காரி கிசுகிசுத்தாள்.

துளசிமணி போகவில்லை. இருபது வருஷமாக நிற்கிற இடத்தில் நின்றாள்.

"வாட்ஸ் அப்?" என்றாள் வெள்ளைக்காரம்மா, நடந்துகொண்டே.

இதை டீச்சர் சொல்லித்தரவில்லை. செல்போனில் இருக்கிற பச்சைப் படம்தான் ஞாபகம் வந்தது. எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

அவள் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். லேசாகத் தூக்கிய புருவம். பாதிச் சிரிப்பு. கேள்வி ஒன்றும் அங்கே இல்லை.

"குட்" என்றாள் முதுகை நிமிர்த்தி. "யூ?"

இரண்டடி தாண்டிப் போயிருந்தவள் நின்றாள். திரும்பி வந்தாள். மேசையில் கையை ஊன்றி, பெருமூச்சு விட்டாள்.

"டயர்ட்."

அது துளசிமணிக்குத் தெரிந்த வார்த்தை. தினமும் சாயங்காலம் அவளே சொல்கிற வார்த்தை. தன் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். வெள்ளைக்காரம்மா உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விமானம், தூக்கம், குழந்தை என்று என்னவோ சொல்லத் தொடங்கினாள்.

மேனேஜர் வேர்த்து விறுவிறுக்க ஓடிவந்தார்.

"துளசிமணி, நகருங்க. இங்கிலீஷ் தெரிஞ்சவங்களைக் கூப்பிடறேன்."

துளசிமணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் இருங்க சார். நாங்க பேசிட்டிருக்கோம்."