ஏரி உடைந்த மாதம்

அந்தக் காலத்தில், எறும்பும் ஆமையும் வழியில் நின்று ஊர்க்கதை பேசிய நாளில், பெரிய சம்பவங்கள் எல்லாம் மாதத்தின் பெயரோடுதான் நினைவில் இருந்தன. சித்திரை என்றால் காடு எரிந்தது. மாசி என்றால் யானைகள் இடம்பெயர்ந்தன. ஏரி உடைந்த மாதம் எது என்பதில் மட்டும் யாருக்கும் யாரோடும் ஒத்துவரவில்லை.

செவத்தி என்ற எறும்புக்கு அது தெரிந்தே ஆகவேண்டும். உடைந்த மாதத்தில்தான் ஏரி மறுபடியும் உடையும் என்று எல்லாரும் நம்பினார்கள். ஏரிக்கரைக்குக் கீழே அவளுடைய புற்றில் முந்நூறு முட்டைகள் இருந்தன. முன்கூட்டியே மேட்டுக்குத் தூக்கினால் வெயிலில் வாடிவிடும். தாமதித்தால் வெள்ளம்.

"புரட்டாசியில," என்றது கொக்கு. "அன்னைக்குத்தான் ஒரே கொத்துல ரெண்டு கெண்டை புடிச்சேன்."

"ஆடியிலக்கா!" என்றது தவளை. "எனக்குக் கல்யாணம் நடந்த மாசம், மறப்பேனா?"

ஆடியில் எவன் கல்யாணம் வைப்பான்? செவத்திக்குத் தலை சுற்றியது.

"கார்த்திகை," என்றது ஆமை, கண்ணைத் திறக்காமலே. "என் ஓடு கீறின மாசம்."

ஆமை அதற்குமேல் பேசவில்லை என்பதாலேயே செவத்தி அதை நம்பினாள்.

ஐப்பசியில் ஒரு காலை, பெருமழைக்கு முந்தைய காற்றில் அவளுடைய மீசை ஈரமானது. 'கார்த்திகைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறதே' என்று தன்னையே அதட்டிவிட்டு உள்ளே போனாள்.

மத்தியானம் ஏரி உடைந்தது.

ஒரே ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு அவள் பனங்கன்றின் மட்டையில் ஏறினாள். கீழே ஆமை மிதந்து போனது. "பார்த்தியா செவத்தி, நான் சொன்ன மாசந்தான்!" பின்னாலேயே தவளை, "நான் சொன்ன மாசந்தான்!" மேலே கொக்கும் அதையே சொல்லிக்கொண்டு பறந்தது. செவத்தியால் பதில் சொல்ல முடியவில்லை, வாயில் முட்டை இருந்தது. இது ஐப்பசிதானா, தான்தான் நாளைத் தவறாக எண்ணிவிட்டோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அழுகை வேறு முட்டியது.

எதிரே இன்னொரு எறும்பு தடுமாறி வந்தது. செவத்தி அதனிடம் மாதத்தைக் கேட்கவில்லை. தன் மீசையால் அதன் மீசையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். இருவரும் இன்னும் மேலே ஏறினார்கள்.

அன்று முதல்தான் எறும்புகள் எதிரில் வரும் ஒவ்வொரு எறும்பையும் நிறுத்தி மீசையைத் தொட்டுப் பார்க்கின்றன. ஈரம் பட்டால், எந்த மாதமானாலும் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறிவிடுகின்றன.