அப்ளிகேஷன் சர்வர் ஓடின கதை

கோவில்பட்டிக்குத் தெற்கே வெள்ளாரங்குளத்தில் ஒரு பாலிடெக்னிக் உண்டு. அங்கே அறிவைப் பிள்ளைகளுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்ததில் ஆபீஸ்காரர்களுக்கு மிச்சம் இல்லாமல் போய்விட்டது. அந்த ஆபீஸுக்குச் சூப்பரிண்டெண்டு குற்றாலலிங்கம்.

அவர் பதினோரு வருஷம் ஹாஸ்டல் மெஸ்ஸில் மேனேஜராகக் கிடந்தவர். சட்டையை எத்தனை தடவை துவைத்தாலும் சாம்பார் வாசனை போகாது. மூன்று மாதத்துக்கு முன்புதான் சுழல் நாற்காலி உள்ள இந்த வேலை கிடைத்தது. தினமும் அதில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பேனாவையே எடுப்பார். அதற்கும் வந்தது ஆபத்து. போன வாரம் கரஸ்பாண்டெண்ட் கூப்பிட்டு, "திங்கக்கெழம பத்து மணிக்கு ஆன்லைன்ல அட்மிஷன் தொடங்கணும். இல்லேன்னா நீரு பழையபடி மெஸ்ஸுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

அட்மிஷன் புரோகிராமைப் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் பாஷையில் எழுதிக் கொடுத்த ஃபெலிக்ஸ், தங்கச்சி கல்யாணத்துக்காகச் சனிக்கிழமையே நாகர்கோவிலுக்குக் கிளம்பிவிட்டான். "இதுல உள்ளபடி செஞ்சாப் போதும் சார்" என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனான். எல்லாம் கம்ப்யூட்டருக்குள் செய்ய வேண்டிய காரியம் என்பதை மட்டும் எழுதவில்லை. அதையும் எழுத வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை, பாவம்.

திங்கள் காலை எட்டு மணிக்குக் குற்றாலலிங்கமும் டைப்பிஸ்ட் செண்பகவல்லியும் அட்டெண்டர் ஞானதிரவியமும் கதவைச் சாத்திக்கொண்டு தாளைப் பிரித்தார்கள். செண்பகவல்லி வாசித்தாள்.

"'பைத்தானை நேரடியாக வெளியே விடக் கூடாது.'"

"பைத்தான்னா மலைப்பாம்புல்லா சார்?" என்றார் ஞானதிரவியம்.

"ஆமாவே. அத எவன் வெளிய விடுவான்? இருந்தாலும் பாரும், பொறுப்பா எழுதி வச்சிருக்கான்."

குற்றாலலிங்கம் கம்ப்யூட்டர் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கதவுக்கடியில் இருந்த சந்தில் ஞானதிரவியம் ஒரு சாக்கைத் திணித்தார்.

"'அப்ளிகேஷன் சர்வர் வைத்துத்தான் விட வேண்டும். நாலு ஒர்க்கர் போதும்.'"

குற்றாலலிங்கத்தின் முகம் மலர்ந்தது. சர்வரைப் பற்றி அவருக்கா சொல்லித்தர வேண்டும்? மெஸ்ஸில் பரிமாறும் நாலு பேரையும் வரவழைத்தார். கையிலிருந்த வாளியை வாங்கி வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு கட்டு அப்ளிகேஷன் ஃபாரத்தைக் கொடுத்து வரிசையாக நிறுத்தினார்.

"'சர்வர் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.'"

"என்னத்தக் கேக்கணுமாம்?"

"அது எழுதல சார்."

"அப்பம் பொதுவாக் கேட்டு வைங்க."

"'முன்னால் ஒரு ப்ராக்ஸியை நிறுத்துங்கள்.'"

ப்ராக்ஸி என்றால் என்ன என்று எந்தக் காலேஜில் தெரியாது? வகுப்புக்கு வராதவனுக்காக வந்தவன் குரல் கொடுப்பது. ஞானதிரவியத்தைக் கேட்டில் நிறுத்தினார்கள். யார் எதைக் கேட்டாலும் அவர் "பிரசெண்ட் சார்" என்று சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

கடைசி வரியைச் செண்பகவல்லி இரண்டு தடவை மனசுக்குள் வாசித்துவிட்டுத்தான் சத்தமாக வாசித்தாள்.

"'முப்பது விநாடியில் பதில் சொல்லாத ஒர்க்கரைக் கொன்றுவிட்டு, அதே இடத்தில் புதிதாக ஒன்றைத் தொடங்குங்கள்.' கொல்லணுமா சார்?"

"முப்பது விநாடி குடுத்திருக்கானேம்மா. நியாயமான பையன்."

"போலீசு வராதா?"

"ஆளக் கொன்னாத்தான் போலீசு வரும். ரெஜிஸ்டர்ல கொன்னா யாரு வருவா?"

அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. பதில் சொல்லாதவனுக்கு மாலை போட்டுப் பெஞ்சில் கிடத்தி, ரெஜிஸ்டரில் காலமானார் என்று எழுதிவிட்டு, உடனே எழுப்பிப் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மாலைக்கு எங்கே போவது? கரஸ்பாண்டெண்ட்டின் அப்பா படத்திலிருந்த சந்தன மாலையைக் கழற்றினார்கள். கடிகாரமும் ரெஜிஸ்டரும் செண்பகவல்லி பொறுப்பு.

பத்தரை மணிக்குப் பிள்ளைகளும் பெற்றோரும் வந்து குவிந்தார்கள். வீட்டில் ஆன்லைன் திறக்காததால் நேரிலேயே வந்துவிட்டார்கள்.

"அட்மிஷன் இங்கனயாய்யா?"

"பிரசெண்ட் சார்."

"மெக்கானிக்கல்ல எடம் இருக்கா?"

"பிரசெண்ட் சார்."

உள்ளே போனவர்களிடம் சர்வர்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த ஊரு, மழை உண்டா, மூட்டு வலிக்கு என்ன தைலம் தேய்க்கீங்க? ஃபாரத்தை மட்டும் ஒருவரும் கொடுக்கவில்லை. கொடுக்கச் சொல்லித் தாளில் இல்லை.

அப்போது ஃபெலிக்ஸ் போன் செய்தான். பின்னால் கல்யாண பேண்டு முழங்கியது.

"சர்வர் ஓடுதா சார்?"

"இல்லப்பா, நிக்கான்."

"ஐயோ! நிக்கவே கூடாது சார். ஓடிக்கிட்டே இருக்கணும்!"

உடனே நாலு பேரும் கட்டிடத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தார்கள். ஃபாரத்துக்காக ஜனங்கள் பின்னாலேயே ஓடினார்கள். பலவேசம் என்கிற சர்வருக்குக் காது மந்தம். ஓடிக்கொண்டே யாரோ கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. முப்பது விநாடியில் காலமானார். எழுப்பி 'பலவேசம் இரண்டு' என்று சேர்த்துக்கொண்டார்கள். பதினொரு மணிக்குள் அவர் பலவேசம் நாலு ஆகியிருந்தார். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு டீ கிடைத்ததால் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை.

பதினொன்றுக்குக் கரஸ்பாண்டெண்ட்டின் கார் வந்து நின்றது.

"வெப்சைட்டு எங்கவே?"

குற்றாலலிங்கத்துக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஜன்னல் வழியே சுழல் நாற்காலியைப் பார்த்தார். செண்பகவல்லி கடிகாரத்தைப் பார்த்தாள். கடமை என்று வந்துவிட்டால் அவளுக்கு மேலதிகாரி, கீழதிகாரி கிடையாது. முப்பதாவது விநாடியில் அவர் கழுத்தில் மாலை விழுந்தது.

"படுங்க சார்" என்றாள்.

படுத்தார். கரஸ்பாண்டெண்ட் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார். அவரும் அதே பாலிடெக்னிக்தானே.

"மெஸ்ஸுக்கு அனுப்பலாம்னு நெனச்சிருந்தேன். இனி யார அனுப்ப?" என்று பெருமூச்சு விட்டார். பிறகு பெஞ்சிலிருந்து எழுந்த புதுச் சூப்பரிண்டெண்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒமக்கு முந்தி இருந்தவரு எல்லாத்தையும் கெடுத்து வச்சிட்டுப் போயிட்டாரு. நீராவது ஒழுங்காப் பாரும்."

"அவரு என்ன செஞ்சாருன்னே தெரியல சார். படிச்சுப் பாக்க ஒரு வாரம் வேணும்."

"தாராளமா எடுத்துக்கிடும்."

புதியவர் முதல் வேலையாகக் காலமானவரின் குடும்பத்துக்கு உருக்கமாக ஒரு இரங்கல் கடிதம் எழுதினார். மத்தியானம் அதைத் தானே எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் நின்றார்.

"ஆபீசுல புதுசாச் சேந்திருக்கேம்மா" என்று நீட்டினார்.

மனைவி பிரமு கடிதத்தைப் பிரித்தே பார்க்கவில்லை. "வந்து சாப்பிடுங்க, கொழம்பு ஆறுது" என்றாள்.

அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். கண் கலங்கிவிட்டது.

"துக்க வீட்ல கை நனைக்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டு, மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனார்.